பிள்ளைத்தமிழ் பாடப்படாத பிள்ளைகள்

போன மாதம் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியில், இரவுப் பாடசாலைக்கான பெற்றோர் கூட்டம் நடந்தது. கரும்பு வெட்டிவிட்டு வந்த அலுப்போடு பதினைந்து இருபது பேர் சமுதாயக்கூடத்தின் சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் ஒரு தாய் மட்டும் நின்றார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. எங்க புள்ளைங்களுக்குப் பொறக்கும்போதே மூளை கம்மியா?"

விசாரித்தேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஆசிரியர் சொல்லியிருக்கிறார்: "இதுங்களுக்கெல்லாம் படிப்பு மண்டையில ஏறாது." அன்றிலிருந்து பையன் பள்ளிக்குப் போக மறுக்கிறான். "ஊட்ல ஆடு எத்தினி, குட்டி எத்தினின்னு கரெக்டா எண்ணி சொல்றாண்ணா. அங்க போனா வாயத் தொறக்க மாட்டேன்றான்" என்றார் அந்தத் தாய்.

வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி அல்ல அது. அவரைப்போல எத்தனையோ தாய்மார்கள் கேட்காமலே மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி. ஒரு குழந்தை எப்படி வளர்கிறது, எப்படிக் கற்கிறது, அதில் சாதி எந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

பத்துப் பருவங்கள்

தமிழ் படித்தவர்களுக்குப் பிள்ளைத்தமிழ் தெரியும். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடும் இலக்கியம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்று, ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல்.

ஐந்தாம் மாதம் வாக்கில் ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைந்தாடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் வாக்கில் கைதட்டி விளையாடுவது சப்பாணி. ஓராண்டு நிறையும்போது தளர்நடை நடந்து வருவது வருகை. மாதக் கணக்கில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. ஆனால் இன்று குழந்தை மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு, நான்கில் கழுத்து நிற்பது, ஆறிலிருந்து ஒன்பதுக்குள் உட்காருவது, ஒரு வயதை ஒட்டி நடை, இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பது. அன்றைய புலவர்கள் குழந்தையைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

யாருடைய குழந்தையை என்பதுதான் கேள்வி. பிள்ளைத்தமிழ் கடவுளுக்கும் அரசனுக்கும் ஞானிக்கும் பாடப்பட்டது. ஒட்டக்கூத்தர் சோழ அரசனைக் குழந்தையாக்கிப் பாடினார். குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடினார். சோழனுடைய வயலில் நாற்று நட்டவளின் குழந்தையும் அதே ஐந்தாம் மாதத்தில்தான் வரப்பு மரத்தடியில் தலைநிமிர்ந்து ஆடியிருக்கும். அதைப் பாட ஆளில்லை. ஆளில்லை என்பதால் அந்தக் குழந்தைக்குச் செங்கீரைப் பருவமே இல்லாமல் போய்விடவில்லை.

அறிவியலும் இதையே சொல்கிறது. குழந்தைகளின் உயரம், எடைக்கு உலகம் முழுவதற்குமான ஓர் அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் குழந்தைகளை அளந்து பார்த்துச் செய்த அளவுகோல் அது. தாய்ப்பால், நல்ல உணவு, சுத்தமான சூழல், மருத்துவம் நான்கும் கிடைத்தால் ஐந்து வயது வரை எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது என்பது அதில் தெரிந்தது. பிறப்பில் குறை இல்லை. பிறந்த பிறகு கிடைப்பதில்தான் வேறுபாடு.

வயிற்றிலேயே தொடங்கும் பள்ளி

கருவுற்ற நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையிலான காலத்தை "முதல் ஆயிரம் நாள்" என்கிறார்கள். கடைசி மூன்று மாதத்தில் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாயின் குரல் கேட்கிறது. பிறந்த சில நாளிலேயே மற்றவர் குரலிலிருந்து தாயின் குரலைப் பிரித்து அறிகிறது. பிறக்கும்போது பெரியவர் மூளையில் கால்பங்கு எடையுள்ள மூளை, ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய தொண்ணூறு சதவீத அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. முதல் சில ஆண்டுகளில் ஒவ்வொரு நொடியும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இணைப்புகள் உருவாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு இரும்புச்சத்து வேண்டும், அயோடின் வேண்டும், புரதம் வேண்டும். தமிழ்நாட்டில் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், உயரக் குறைவு பட்டியல் சாதிக் குழந்தைகளிடம் சுமார் 39 சதவீதம். மொத்த சராசரி 35.5 சதவீதம். பொருளாதார அறிஞர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் இந்த உயர வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். தீண்டாமை அதிகம் கடைப்பிடிக்கப்படும் பகுதிகளில் தலித் குழந்தைகளின் உயரம் கூடுதலாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். ஆதிக்கச் சாதிக் குழந்தைகளின் உயரத்தில் அதனால் மாற்றமில்லை.

தீண்டாமை எப்படி உயரத்தைக் குறைக்கும்? கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தண்ணீர் கடைசியாக வரும் தெரு எது? எடை பார்க்கும் நாள் எந்தத் தெருவுக்குச் சொல்லாமல் விடப்படுகிறது? சுகாதாரப் பணியாளர் ஊர்த்தெரு திண்ணையோடு திரும்பிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். பிரசவமாகி இரண்டு மாதத்தில் நடவுக்கும் களையெடுக்கவும் போகவேண்டிய தாயால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடு என்ற அறிவுரையை எப்படிக் கடைப்பிடிக்க முடியும்? கூலியும் உயரமும் ஒரே கணக்கில் இருக்கின்றன.

தால்: நாக்கின் பருவம்

தால் என்றால் நாக்கு. நாக்கை அசைத்துப் பாடும் தாலாட்டுக்குரிய பருவம் அது. ஒரு வயதுக்கு முன்பே குழந்தை தன் வீட்டு மொழியின் ஒலிகளைப் பிரித்துப் பழகிவிடுகிறது. குழந்தை "ங்ங" என்றால் நாமும் அதன் முகம் பார்த்து "ங்ங" என்று பதில் கொடுக்கவேண்டும். அது கை நீட்டும் திசையைப் பார்த்து "காக்காவா? காக்கா பறந்துபோச்சா?" என்று கேட்கவேண்டும். இப்படிக் கொடுத்து வாங்கும் பேச்சில்தான் மூளை வளர்கிறது. செல்போனைக் கையில் கொடுத்தால் அது பேசும். குழந்தைக்குப் பதில் சொல்லாது.

"படிக்காத வீடு, பேச என்ன இருக்கிறது" என்று நம்மவர்களே சொல்வதுண்டு. எழுத்தில்லாத வீடு மொழியில்லாத வீடு அல்ல. தாலாட்டும் ஒப்பாரியும் விடுகதையும் சொலவடையும் நம் ஆயாக்களின் வாயில் குவிந்து கிடக்கின்றன. நடவு வயலில் நாள் முழுக்க ஒரே பாட்டை இழுத்துக் கட்டிப் பாடுகிறவர்கள் அவர்கள். அந்த வீட்டுக் குழந்தை மூன்று வயதில் ஆயிரம் சொல்லோடு அங்கன்வாடிக்கு வருகிறது. அங்கே "ஊட்ல", "இன்னா" என்று பேசியதும் சிரிப்பார்கள், திருத்துவார்கள். வீட்டு மொழியின்மேல் ஏறித்தான் பள்ளி மொழிக்குப் போக முடியும். ஏணியைப் பிடுங்கிவிட்டு மாடி ஏறச் சொன்னால் குழந்தை என்ன செய்யும்? வாயை மூடிக்கொள்ளும்.

சிற்றில்: விளையாட்டுதான் படிப்பு

மூன்றிலிருந்து ஆறு வயது வரை மணல்வீடு கட்டும் பருவம். கொட்டாங்கச்சியில் சோறாக்கிப் பரிமாறும் குழந்தை எத்தனை பேருக்கு எத்தனை கொட்டாங்கச்சி என்று எண்ணுகிறது. இவள் அம்மா, இவன் அப்பா என்று பாத்திரம் ஏற்கும்போது அடுத்தவர் இடத்தில் நின்று யோசிக்கப் பழகுகிறது. தனியாகச் செய்ய முடியாததைக் கூட ஒருவர் இருந்தால் குழந்தை செய்துவிடும், இன்று துணையோடு செய்வதை நாளை தனியே செய்யும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னார். தம்பிக்குப் பல்லாங்குழி கற்றுத்தரும் அக்காவைப் பார்த்தால் அவர் சொன்னது புரியும்.

இந்த வயதுக்காகத்தான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் நடக்கின்றன. சோறு, முட்டை, எடை, தடுப்பூசி, விளையாட்டு எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஏழைக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய பல்கலைக்கழகம் கிடையாது.

இதே வயதில்தான் குழந்தை இன்னொரு பாடமும் படிக்கிறது. யாரைத் தூக்குகிறார்கள், யாரைத் தூக்குவதில்லை; யார் மூக்கைத் துடைக்கிறார்கள், யாரைத் தானே துடைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்; யாருக்கு டம்ளர், யாருக்கு உள்ளங்கை. அமெரிக்காவில் 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. நிறத்தின்படி பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் குறிப்பிட்டது.

நம்மிடம் பொம்மைச் சோதனை வேண்டாம். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி, கரூர் மாவட்டங்களில் இரண்டு பள்ளிகளில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகக் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தது செய்தியானது. ஆறேழு வயதுக் குழந்தைக்குச் சோற்றில் சாதி தெரிய எந்த மூளை நரம்பும் இல்லை. வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாதி அந்தப் பிள்ளைகளின் வளர்ச்சியையும்தான் கெடுக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு பகிர்ந்து உண்ணக் கற்றுக்கொள்ளும் வயதில், பசியோடு எழுந்து போகக் கற்றுக்கொள்கின்றன.

சிறுபறையும் சிறுதேரும்

பிள்ளைத்தமிழில் அரசகுமாரன் சிறுபறை முழக்கினால் அது விளையாட்டு, புலவர் வாழ்த்துகிறார். நம் தெருவுப் பிள்ளை பறையை எடுத்தால் "குலத்தொழில்" என்று பெயர். சாவு வீட்டு வாசலில் அப்பனோடு நிற்கும் பத்து வயதுப் பையனின் தாள அறிவை எந்த ஆசிரியரும் கணக்குப் பாடத்துக்குப் பயன்படுத்தியதில்லை. சிறுதேர் உருட்டிய குழந்தை வளர்ந்து பெரிய தேருக்குப் போனால் வடம் தொடக்கூடாது என்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் அந்த உரிமைக்காக நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

பள்ளி வயதில், ஏழிலிருந்து பதினொன்று வரை, குழந்தை கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காரண காரியம் யோசிக்கப் பழகுகிறது என்றார் சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே. இப்போது ஆடு எண்ணும் பையனிடம் வருவோம். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து 2025இல் "நேச்சர்" இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உண்டு. எத்தனை கிலோ, என்ன விலை, மீதி எவ்வளவு என்று மனக்கணக்கில் போட்டுச் சொன்ன அந்தச் சிறுவர்களால், அதைவிடச் சுலபமான கணக்கைப் பள்ளிப் புத்தக வடிவில் கொடுத்தால் போட முடியவில்லை. சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளோ, புத்தகக் கணக்குப் போட்டார்கள்; சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். கணக்கு இருவர் மண்டையிலும் இருக்கிறது. இரண்டுக்கும் பாலம் போடவேண்டியது பள்ளியின் வேலை. பிள்ளைகள் சந்தைக்கு வேலைக்குப் போகட்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் கொண்டுவரும் அறிவைப் பள்ளி கணக்கில் எடுக்கவேண்டும் என்பதே அர்த்தம்.

இன்னொரு ஆய்வை ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். இருபதாண்டுகளுக்கு முன் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்ப் படங்களைக் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதவரை தலித் சிறுவர்களும் மேல்சாதிச் சிறுவர்களும் சமமாகவே செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் சேர்த்து அறிவித்தபோது, தலித் சிறுவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதே பையன், அதே மூளை. நடுவில் வந்தது ஓர் அறிவிப்பு மட்டும்.

"இதுங்களுக்கெல்லாம் மண்டையில ஏறாது" என்பதும் அப்படி ஓர் அறிவிப்புதான். சாத்தாரா பள்ளியில் கோணிச் சாக்கில் தனியே உட்கார்ந்து, பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று இருந்த சிறுவன் அம்பேத்கரும் அந்த அறிவிப்பைத் தினமும் கேட்டவர். அவர் தாண்டி வந்தார் என்பதற்காக எல்லாக் குழந்தையும் தாண்டியாகவேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. வேலியை எடுப்பதுதான் நம் வேலை.

நாம் செய்யவேண்டியவை

கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தைக்கும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு என்பது 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. யாரும் தரும் சலுகை இல்லை. கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ வெளியூர் போனால், போன இடத்து அங்கன்வாடியில் குழந்தையைச் சேர்க்கக் கேளுங்கள். அரசின் ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்தில் ஐந்து சிறு குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு நியமிக்கக் கேட்கலாம்.

எடை பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். தாய்சேய் நல அட்டையில் குழந்தையின் கோடு எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் நடக்காத குழந்தை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை என்றால், "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனையில் இதற்கென்றே மாவட்ட இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. சிகிச்சை இலவசம். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு பலன்.

பள்ளியில் குழந்தையை அடிப்பது மட்டுமல்ல, மனம் நோகப் பேசுவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடைசெய்கிறது. "படிப்பு ஏறாது" என்று வகுப்பில் சொல்வதும் மனம் நோகப் பேசுவதுதான். முதலில் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்கள். தீரவில்லையென்றால் கல்வித்துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.

படித்த தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குப் போய்வரும் நீங்கள் வாரம் இரண்டு மாலை உங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்காருங்கள். புளியங்கொட்டையை எண்ணச் சொல்லுங்கள், ஆயாவிடம் கேட்ட கதையை எழுதச் சொல்லுங்கள். வைகாட்ஸ்கி சொன்ன அந்தத் துணை நீங்கள்தான்.

அந்தப் பையனுக்காக மறுநாளே தாயும் நாங்கள் மூவரும் பள்ளிக்குப் போனோம். ஆசிரியர் முதலில் மறுத்தார், பிறகு "ஏதோ கோபத்துல சொல்லிட்டேன்" என்றார். தலைமை ஆசிரியர் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டில் எத்தனை ஆடு என்று கேட்டார். வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "பெருசு ஏழு, குட்டி நாலு, ஒண்ணு செனையா இருக்குது" என்றான். "அப்ப எத்தினி ஆகும்?" "இப்ப பதினொண்ணு. போட்டா பன்னெண்டு. ரெண்டா போட்டா பதிமூணு."

வெளியே வந்ததும் அந்தத் தாயிடம் பதிலைச் சொன்னேன். "இல்லம்மா. பொறக்கும்போது ஒரு குறையும் இல்ல." அவர் தலையாட்டினார். பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். வகுப்பில் வாய் திறந்து பேச இன்னும் கொஞ்ச நாளாகும்.